காவலிலிருந்து கவனிப்புக்கு: அமெரிக்கக் கல்லூரிப் பெண்களும் சொராரிட்டித் தன்னார்வலர்களும்

2013 செப்டம்பர் 11ஆம் தேதி, அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான ‘தி கிரிம்சன் ஒயிட்’ வெளியிட்ட ஒரு செய்தி அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்டது. பள்ளியில் முன்னணி மாணவியாக இருந்த ஒரு கறுப்பினப் பெண், வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள சொராரிட்டிகளில் சேர முயன்றிருந்தார். சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்கள் தமக்கென்று நடத்தும் சங்கம். பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும்; பல இடங்களில் சொந்த வீடும் சமையலறையும் உண்டு; உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைத்துக்கொள்வார்கள். அந்த மாணவியை ஒரு சங்கமும் அழைக்கவில்லை. விசேஷம் அடுத்து வந்ததுதான். உள்ளே இருந்த மாணவியரே பத்திரிகையிடம் பேசினார்கள். அவரைச் சேர்த்துக்கொள்ள எங்களுக்கு விருப்பம்தான்; தடுத்தவர்கள் எங்கள் சங்கத்தின் முன்னாள் மாணவியர் என்றார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் நிறப் பிரிவினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 1963இல். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் வாசலை மறித்து ஒரு கை நீண்டது. அந்தக் கை ஆளுநருடையதோ பேராசிரியருடையதோ அல்ல. சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து மாலை நேரத்தில் வந்து, தங்கள் பழைய சங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் பெண்களுடையது. செய்தி வெளியான சில நாட்களிலேயே பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்கச் செய்தார். கறுப்பின மாணவியர் பலருக்கு அழைப்பும் போனது. ஆனால் அந்தத் தன்னார்வலர்களுக்கு அதுவரை என்ன கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது என்ற கேள்வி அதிகம் பேசப்படவில்லை.

கல்லூரிப் பெண்களுக்கு ‘இது என் இடம்’ என்ற உணர்வு எப்படி வருகிறது என்று உளவியலும் சமூகவியலும் நிறைய ஆராய்ந்திருக்கின்றன. அந்த முடிவுகளைச் சொராரிட்டித் தன்னார்வலர் பயிற்சியோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. அந்த உணர்வு அறிவுரையால் வருவதில்லை. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார், சந்தா கட்ட முடியாதவரிடம் என்ன பேசப்படுகிறது, மூன்று வாரம் வராதவரை யார் கூப்பிட்டுக் கேட்கிறார் என்பது போன்ற சின்னச் சின்ன ஏற்பாடுகளால்தான் வருகிறது. தன்னார்வலர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த ஏற்பாடுகளைத்தான்.

ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீடு

சொராரிட்டிகளின் கதை ஒதுக்கலில்தான் தொடங்குகிறது. ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், பெண்களுக்கான வெஸ்லியன் கல்லூரியில் 1851இலும் 1852இலும் தோன்றிய இரண்டு மாணவியர் சங்கங்கள்தான் பின்னாளில் ஆல்ஃபா டெல்டா பை, ஃபை மியூ ஆயின. ஆண்களோடு சேர்ந்து படித்த இடங்களில் தேவை இன்னும் கூர்மையாக இருந்தது. இண்டியானாவின் ஆஸ்பரி கல்லூரி 1867இல்தான் பெண்களைச் சேர்த்தது. அங்கே படித்த பெட்டி லாக்கை ஓர் ஆண்கள் சங்கம் தன் சின்னத்தை அணியச் சொன்னதாகவும், முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள மறுத்ததாகவும் கப்பா ஆல்ஃபா தீட்டாவின் வரலாறு சொல்கிறது. அவரும் இன்னும் மூன்று மாணவியரும் 1870 ஜனவரி 27ஆம் தேதி தங்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். வகுப்பறையில் வேண்டாதவர்களாக நடத்தப்பட்டவர்களுக்கு அது ஒரு தற்காப்பு.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தத் தற்காப்பே மதிலாக உயர்ந்தது. யூதப் பெண்கள் சேர்க்கப்படாததால் 1909இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலான் ஃபையும் 1917இல் கார்னெலில் சிக்மா டெல்டா டாவும் பிறந்தன. கறுப்பினப் பெண்கள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் 1913இல் டெல்டா சிக்மா தீட்டாவையும் தொடங்கினார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கான லாம்ப்டா தீட்டா ஆல்ஃபா 1975இல் வந்தது. 1998 என்ற ஒரே ஆண்டில் தெற்காசியப் பெண்களுக்கென்று ஆஸ்டினில் ஒன்று, ஹூஸ்டனில் ஒன்று, நியூயார்க்கில் ஒன்று என மூன்று சங்கங்கள் முளைத்தன. அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்களுக்குத் தெற்காசியர்களுக்கென்றே அமைந்த சங்கம் கிடைத்தது அப்போதுதான்.

சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்தபோது 1986இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். துணை அதிபர் வேட்பாளராக 2020இல் அவர் ஆற்றிய ஏற்புரையில் குடும்பம் என்று யார் யாரைச் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. ‘சித்தி’மார்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்; ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் இருந்தது. பிறந்த உறவையும் தேடிக்கொண்ட உறவையும் ஒரே வரிசையில் வைக்கும் அளவுக்கு இந்தச் சங்கங்கள் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இடம் பிடிக்க முடியும். அந்த இடம் கிடைக்காதபோது காயமும் அதே அளவு ஆழமாகத்தான் இருக்கும்.

சட்டம் இந்த மதிலைத் தொடவில்லை. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் ஒன்பது’ 1972இல் வந்தது. இரண்டே ஆண்டில், 1974இல், சமூகச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு விலக்களிக்கும் திருத்தமும் வந்துவிட்டது. பெண்களுக்கு மட்டும் என்ற ஏற்பாடு அதனால் நிலைத்தது. யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதைச் சங்கமே முடிவு செய்யும். அந்த முடிவு நடக்கும் அறையில் மாணவியரோடு உட்கார்ந்திருக்கும் ஒரே மூத்தவர், பெரும்பாலும் தன்னார்வலர்தான்.

அந்தத் தன்னார்வலர் யார்?

தேசிய அளவிலான சொராரிட்டி ஒன்றின் தலைமை அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் சிலர்தான். கல்லூரிக் கிளையை நடத்துவது இருபது வயது மாணவியர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளியை நிரப்புபவர்கள் முன்னாள் மாணவியரான ஆலோசகர்கள். கணக்குக்கு ஒருவர், சேர்க்கைக்கு ஒருவர், படிப்புக்கு ஒருவர், நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்கு ஒருவர், வீட்டைப் பராமரிக்கும் குழுவில் சிலர் என்று ஒரு கிளையைச் சுற்றி அரை டஜன் பேராவது இருப்பார்கள். அவர்களில் போன ஆண்டு பட்டம் வாங்கியவரும் இருக்கலாம். பேத்தி எடுத்தவரும் இருக்கலாம்.

அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி நெடுங்காலம் மூன்று விஷயங்களைச் சுற்றியே இருந்தது: விதிமுறை, வரவு செலவு, பொறுப்புக் காப்பீடு. கூட்டத்துக்கு வராதவருக்கு எவ்வளவு அபராதம், விருந்தில் மது இருந்தால் யார் பொறுப்பு, சடங்கை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பன போன்றவை. இதில் தவறு ஒன்றும் இல்லை. புது உறுப்பினர்களை வதைத்து உயிரே போன சம்பவங்கள் அமெரிக்க மாணவர் சங்கங்களின் வரலாற்றில் உண்டு. கல்லூரிகள் அத்தகைய சம்பவங்களைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. ஆபத்தைத் தடுப்பது முதல் கடமைதான். ஆனால் ஆபத்தைத் தடுக்க மட்டும் பழக்கப்பட்டவர், மாணவி ஒருத்தியைப் பார்க்கும்போது முதலில் எண்ணுவது ‘இவளால் சங்கத்துக்கு என்ன கெடுதல் வரும்’ என்பதைத்தான். இவளுக்கு இங்கே என்ன நேர்கிறது என்ற கேள்வி அவர் வாயில் வராது. காரணம், அதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்று வந்து நிற்கும் பெண்

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 2021இல் நடத்திய ஆய்வில், பெண்களில் 57 சதவீதம் பேர் நீடித்த சோகமோ நம்பிக்கையின்மையோ இருந்ததாகச் சொன்னார்கள். ஆண்களில் அது 29 சதவீதம். கொரோனாக் காலத்தில் திரை வழியாகப் பள்ளி முடித்த அந்தத் தலைமுறைதான் பிறகு கல்லூரிக்கு வந்தது. அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023 மே மாதம் தனிமையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்து அறிக்கை வெளியிட்டார். சமூகத் தொடர்பின்மை உயிருக்கு விளைவிக்கும் கேட்டை நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பதோடு அந்த அறிக்கை ஒப்பிட்டது.

இப்படித் தோழமைக்கு ஏங்கி வரும் பெண்ணைச் சொராரிட்டி முதலில் ஒரு தேர்வுக்கு உட்படுத்துகிறது. அலபாமாவில் மட்டும் ஆண்டுதோறும் 2,500 பேருக்கு மேல் சேர்க்கைக்குப் பதிவு செய்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். சுற்றுக்குச் சுற்று பட்டியல் சுருங்கும். கடைசி நாளில் கையில் ஓர் உறை வரும். 2021இல் அங்கே சேர்க்கைக்குப் போன மாணவியர் அன்றன்றைய உடையை டிக்டாக்கில் காட்டத் தொடங்க, உலகமே வேடிக்கை பார்த்தது. நிராகரிப்பும் அதே வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

சேர்க்கையின் உள்கணக்கு பொருளாதார அறிஞர்களையே ஈர்த்த ஒன்று. சூசன் மாங்கெலும் ஆல்வின் ராத்தும் 1991இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் அதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். ராத் பின்னாளில், 2012இல், நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மாணவியும் விருப்ப வரிசை தருகிறார், சங்கமும் தருகிறது, இரண்டையும் பொருத்துகிறார்கள். கடைசிச் சுற்றில் பல மாணவியர் ஒரே ஒரு சங்கத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைக் காலியாக விடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. அந்த விருப்பச் சீட்டை இன்றைய நோக்கில் படித்தால் அதில் அச்சமும் தெரிகிறது. ‘தரவரிசையில் கீழே’ என்று பேசப்படும் சங்கத்தில் சேர்வதைவிட எதிலும் சேராதிருப்பதே மேல் என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் முடிவெடுக்கிறாள். அந்த முடிவுக்கு முந்திய இரவில் அவளோடு யார் பேசினார்கள் என்பது முக்கியம்.

பணமும் வர்க்கமும் அடுத்த வடிகட்டி. எலிசபெத் ஆம்ஸ்ட்ராங்கும் லாரா ஹாமில்டனும் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில், ஒரு விடுதித் தளத்து மாணவியரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013இல் ஒரு நூல் எழுதினார்கள். சொராரிட்டி உலகம் வசதியான பெண்களுக்குப் பாதை போட்டுக்கொடுத்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்த பெண்களோ அதே தளத்தில் இருந்தும் தனித்துப் போனார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை. அங்கத்திய வாழ்க்கையே அவர்களுக்குக் கட்டுப்படியாகாத விலையில் அமைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆய்வுகள் சொல்வது

மனிதருக்கு ஒட்டுதல் அடிப்படைத் தேவை என்று ராய் பாமைஸ்டரும் மார்க் லீரியும் 1995இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிக்கல். அதற்கு அவர்கள் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். அடிக்கடி, பெரும்பாலும் இனிமையாக, பழக வேண்டும். அந்தப் பழக்கம் ஒருவர்மேல் ஒருவருக்கு நிலையான அக்கறை உண்டு என்ற நம்பிக்கைக்குள் நடக்க வேண்டும். சொராரிட்டிகள் முதலாவதில் கெட்டி. விருந்து, கூட்டம், டி-ஷர்ட், படம் என்று பழகும் சந்தர்ப்பத்துக்குக் குறைவே இல்லை. இரண்டாவது அப்படித் தானாக வந்துவிடாது. முந்நூறு, நானூறு பேர் உள்ள தென் மாநிலக் கிளைகளில் எல்லாப் படத்திலும் இருந்துகொண்டே ஒருவராலும் கவனிக்கப்படாமல் ஒரு பெண் ஓராண்டை ஓட்டிவிட முடியும்.

கல்வியாளர் நான்சி ஸ்லாஸ்பெர்க் 1989இல் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடித்தார். ஒரு கூட்டத்துக்குள் இருப்பது ஒன்று, அந்தக் கூட்டத்துக்கு நாம் பொருட்டாக இருப்பது வேறொன்று என்றார். நம்மைக் கவனிக்கிறார்கள், நம் தோல்வியால் வருந்துகிறார்கள், நம்மை நம்பி ஒரு வேலை இருக்கிறது, செய்ததற்கு நன்றி சொல்கிறார்கள் என்பவை அவர் காட்டிய அடையாளங்கள். இவை ஒவ்வொன்றையும் யாராவது திட்டமிட்டுச் செய்ய முடியும். அதனால்தான் இவை பயிற்சிக்கு ஏற்ற பாடம்.

அறிவுரையின் எல்லையைக் காட்டிய ஆய்வும் உண்டு. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ‘நான் இங்கே பொருந்துவேனா’ என்ற பயம் முதலாண்டில் எல்லோருக்கும் வரும், பிறகு போய்விடும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்கள் படித்தார்கள். தங்கள் அனுபவத்தையும் எழுதினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பாதியானது. அதையே 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் விரித்துச் செய்து 2023இல் முடிவு வெளியிட்டபோது ஒரு நிபந்தனை தெளிவானது. அந்த மாணவருக்கு உண்மையிலேயே ஒட்ட வாய்ப்புள்ள சூழலில்தான் செய்தி பலித்தது. வாய்ப்பு இல்லாத இடத்தில் ‘நீயும் எங்களில் ஒருத்தி’ என்ற வாசகத்தால் பயன் இல்லை.

சொராரிட்டிகளுக்குள்ளேயே செய்யப்பட்ட ஆய்வும் இதோடு பொருந்துகிறது. சாரா கோஹன், ஜென்ட்ரி மெக்ரீரி, ஜோஷுவா ஷட்ஸ் மூவரும் 2017இல், சகோதரி உறவு என்று மாணவியர் சொல்வதை ஐந்தாகப் பிரித்தார்கள்: சேர்ந்து கொண்டாடுவது, ஆதரவும் ஊக்கமும் தருவது, ஒட்டுதல், ஒருவர் தவறை ஒருவர் திருத்துவது, பொது நோக்கம். பழைய பயிற்சி முதலாவதற்கு வேலி போடுவதிலும் நான்காவதை அபராதமாக்குவதிலும் நின்றுவிட்டது. மற்றவை நடக்கிறபடி நடக்கட்டும் என்று விடப்பட்டன.

எதைக் கற்றுத்தருவது?

ஒரு கிளையின் கணக்கு ஆலோசகரை எடுத்துக்கொள்வோம். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இரண்டு மாதமாகச் சந்தா கட்டவில்லை. மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை. மூன்று அபராதமும் சேர்ந்துவிட்டது. விதிப்படி அடுத்த அஞ்சல் எச்சரிக்கை. அதற்கடுத்தது உறுப்பினர் நீக்கம். கணக்கு ஆலோசகர் பணப் பட்டியலைப் பார்க்கிறார். வருகைப் பட்டியல் வேறொருவரிடம், மதிப்பெண் பட்டியல் இன்னொருவரிடம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே வாரத்தில் ஒரே பெயர் சரிந்திருப்பது தெரியும். யாரும் வைத்துப் பார்ப்பதில்லை.

பயிற்சி இங்கே தொடங்கலாம். மாதம் ஒருமுறை மூன்று பட்டியலையும் சேர்த்து வைத்துப் படிப்பது முதல் பாடம். எச்சரிக்கை அஞ்சலுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு என்பது இரண்டாவது. அந்த அழைப்பின் முதல் வாக்கியம் மூன்றாவது. “உன் பாக்கி இவ்வளவு” என்று தொடங்கினால் அவள் மன்னிப்புக் கேட்டு வைத்துவிடுவாள். “மூன்று வாரமாக உன்னைக் காணோமே, எப்படி இருக்கிறாய்?” என்று தொடங்கினால், அப்பாவுக்கு வேலை போனது, மாலையில் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தது, கூட்ட நேரமும் வேலை நேரமும் மோதுவது எல்லாம் வெளியே வர வாய்ப்புண்டு. அதன் பிறகு தவணைத் திட்டம், கூட்ட நேர விலக்கு, உதவி நிதி எல்லாம் எளிய நிர்வாக வேலைகள். கேட்கும் பழக்கம் ஒன்றுதான் புதிது. பேச்சில் பங்கேற்று, நடித்துப் பார்த்து, திருத்திக்கொண்டால்தான் அது வரும். கையேடு படித்து வராது.

கேட்பதற்கு எல்லையும் உண்டு. ஆலோசகர் மனநல மருத்துவர் அல்ல. தற்கொலை எண்ணத்தின் அறிகுறி தெரிந்தால் நேரடியாகக் கேட்பது, உதவி பெறச் சம்மதிக்க வைப்பது, தகுந்தவரிடம் சேர்ப்பது என்ற மூன்று படிகளைச் சாதாரண மக்களுக்குக் கற்றுத்தரும் ‘கியூபிஆர்’ போன்ற பயிற்சிகள் அமெரிக்காவில் பரவலாக உண்டு. எங்கே நிறுத்தி யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிந்தவர்தான் பயமில்லாமல் கேட்கத் தொடங்குவார்.

தொழில்முறை வல்லுநர் அல்லாதவர்களைப் பயிற்றுவித்தால் பலன் இருக்குமா என்ற ஐயத்துக்குச் சொராரிட்டிகளே ஒரு பதில் வைத்திருக்கின்றன. உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய ‘பாடி ப்ராஜெக்ட்’ என்ற முறையை, டெக்சாஸ் சான் அன்டோனியோவின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் பெக்கர் 2000களின் தொடக்கத்தில் சொராரிட்டிகளுக்குள் கொண்டுபோனார். ஒல்லியாக இருந்தால்தான் அழகு என்ற எண்ணத்துக்கு எதிராகப் பெண்களையே பேச வைப்பது, எழுத வைப்பது, நடித்துக்காட்ட வைப்பது அதன் வழி. தன் வாயால் ஒன்றை எதிர்த்துப் பேசியவர் அதைத் தொடர்ந்து நம்புவது கடினம் என்ற உளவியல் முரண்பாட்டுக் கொள்கை அதன் அடிப்படை. நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சக மாணவியர். உடல்மீதான அதிருப்தியும் உணவுக் கோளாறு அறிகுறிகளும் குறைந்தன. ட்ரை டெல்டா சங்கம் 2008இல் இதை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது.

அதே உளவியல் கொள்கை எதிர்த்திசையிலும் வேலை செய்யும். எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் 63 கல்லூரிப் பெண்களிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு குழுவில் சேர, சிலர் ஆண் ஆய்வாளர் முன்னிலையில் ஆபாசச் சொற்களையும் பத்திகளையும் உரக்கப் படிக்க வேண்டியிருந்தது, சிலருக்கு இலேசான சோதனை, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு எல்லோரும் கேட்டது வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி அமைக்கப்பட்ட ஒரே உரையாடல். அதிகக் கூச்சப்பட்டு நுழைந்தவர்களுக்குத்தான் அது அதிகச் சுவையாகத் தெரிந்தது. பட்ட அவமானத்துக்கு ஈடாகச் சேர்ந்த இடத்தை உயர்த்திப் பார்ப்பது மனத்தின் இயல்பு. “நாங்களும் இதையெல்லாம் பட்டுத்தான் வந்தோம், அதனால்தான் இவ்வளவு நெருக்கம்” என்று ஒரு முன்னாள் மாணவி சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. அவர் உணர்வு உண்மை. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. வதைத்தல் கூடாது என்ற விதியை வாசித்துக் காட்டுவதைவிட இந்தப் பரிசோதனையை விளக்கி, தங்கள் நினைவுகளையே எடைபோடச் செய்வது நல்ல பயிற்சி.

சேர்க்கை அறையில் கற்க வேண்டியது பெரும்பாலும் விலகி நிற்பது. எந்தக் குணங்களைத் தேடுகிறோம் என்பதை மாணவியர் சேர்க்கைக்கு முன்பே எழுதி வைக்க உதவலாம். பெயர்கள் மேசைக்கு வந்த பிறகு ஆலோசகரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை. பல தேசியச் சங்கங்கள் 2020இல் உறுப்பினர்களின் மகள், பேத்தி, தங்கையருக்குத் தந்துவந்த வாரிசு முன்னுரிமையை நீக்கின. தன் மகளுக்கான சலுகையே போனபின்பும் அந்தச் சங்கத்துக்கு மாலை நேரத்தைக் கொடுக்கும் பெண்ணிடம், ஏன் நீக்கினோம் என்று நிதானமாகப் பேசியாக வேண்டும். பேசாமல் அறிவிப்பு மட்டும் அனுப்பினால் எதிர்ப்பு வேறு வழியில் வெளிப்படும்.

மறுப்புகள்

இத்தனை பாடுபட்டு இந்த அமைப்பைத் திருத்துவானேன், கலைத்துவிடலாமே என்பாரும் உண்டு. 2020 கோடையில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல வளாகங்களுக்குப் பரவிய ‘கிரேக்கச் சங்கங்களை ஒழிப்போம்’ இயக்கத்தில் சொராரிட்டி உறுப்பினர்களே சங்கத்தை விட்டு வெளியேறினார்கள். சிலருக்கு மட்டும் நெருக்கம் தரும் இடம் மற்றவர்களுக்கு மதில்தானே என்ற அவர்கள் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. உளவியலாளர் மெரிலின் ப்ரூவர் 1991இல் காட்டியபடி, மனிதர் கூட்டத்தில் கரையவும் வேண்டும், தனித்துத் தெரியவும் வேண்டும். எல்லை உள்ள குழுக்களே இரண்டையும் சேர்த்துத் தருகின்றன. எல்லை இருக்கும் வரை அதற்கு வெளியே யாராவது இருப்பார்கள். எந்தப் பயிற்சியும் இதை மாற்றாது. எல்லை எந்த அடிப்படையில் போடப்படுகிறது, யார் போடுகிறார் என்பதைத்தான் மாற்ற முடியும்.

மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையிலான பிணக்கும் ஓயவில்லை. வயோமிங் பல்கலைக்கழகத்தில் கப்பா கப்பா காமா கிளை 2022இல் ஒரு திருநங்கை மாணவியைச் சேர்த்தபோது உறுப்பினர்கள் சிலரே வழக்குத் தொடுத்தார்கள். தன் விதியைப் பொருள்கொள்வது தனியார் அமைப்பின் உரிமை என்று கூறி நீதிபதி 2023இல் அதைத் தள்ளுபடி செய்தார். முன்னாள் மாணவியரும் இரு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். இப்படிப்பட்ட பிளவுகளில் ஆலோசகர் ஒரு பக்கத்தின் வழக்கறிஞராக ஆகாமல், கிளைக்குள் இருக்கும் எல்லோரோடும் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது கடினமான திறமை. அதற்கும் பயிற்சி வேண்டும்.

பயிற்சியின் பலனை எப்படி அளப்பது என்பதில்தான் ஏமாற்று அதிகம் நடக்கும். பயிலரங்கு முடிவில் நிரப்பும் படிவத்தில் எல்லோரும் நன்றாக இருந்தது என்றே எழுதுவார்கள். கேட்க வேண்டியவை வேறு. இரண்டாமாண்டு வரை தங்கியவர்கள் யார் யார், வேலை பார்த்துப் படிப்பவர்களும் குடும்பத்தில் முதல்முறை கல்லூரிக்கு வந்தவர்களும் சிறுபான்மை இனத்தவரும் மற்றவர்கள் அளவுக்குத் தங்கினார்களா, விலகியவர்களிடம் யாராவது காரணம் கேட்டார்களா, கேட்ட காரணத்தால் எந்த விதியாவது மாறியதா? விலகியவரை மரியாதையோடு வழியனுப்பத் தெரிந்த சங்கத்தில்தான் உள்ளே இருப்பவரும் நிம்மதியாக இருப்பார்.

தன்னார்வலருக்கும் ஓர் இடம்

கறுப்பினப் பெண்களின் சங்கங்கள் மூத்த உறுப்பினருக்கு இடம் தரும் விஷயத்தில் மற்றவர்களுக்கு ஒன்று கற்றுத்தருகின்றன. டெல்டா சிக்மா தீட்டா பிறந்த சில வாரங்களில், 1913 மார்ச் 3ஆம் தேதி, அதன் மாணவியர் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தார்கள். பொது நோக்கம் அங்கே பிறவியிலேயே இருந்தது. பட்டம் வாங்கியதோடு உறுப்பினர் வாழ்க்கை முடிவதில்லை. பட்டதாரிகளுக்கென்று ஊர்தோறும் கிளைகள் உண்டு. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு சேர்பவர்களும் நிறைய. நாற்பது வயதுப் பெண்ணுக்கு அங்கே இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது: வாக்காளர் பதிவு, உதவித்தொகை, ஊர்ச் சேவை. அந்தச் சங்கங்களும் குறைகள் அற்றவை அல்ல. வதைத்தல் வழக்குகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் மூத்த உறுப்பினரின் மதிப்பு தன் காலத்துச் சங்கத்தை அப்படியே காப்பாற்றுவதில் மட்டும் அடங்கிவிடவில்லை.

பல சொராரிட்டிகளின் தன்னார்வலருக்கு இது வாய்ப்பதில்லை. அவருக்கும் அந்தச் சங்கத்தில் ஓர் ஒட்டுதல் தேவை, அதற்காகத்தான் வருகிறார். ஆனால் அமைப்பு அவருக்குத் தந்திருக்கும் ஒரே பெருமை, தன் இருபது வயதில் இருந்த சங்கத்தை மாறாமல் வைத்திருப்பது. சடங்கு, சின்னம், எப்படிப்பட்ட பெண் நம் பெண் என்ற படிமம் எல்லாவற்றையும் அவர் இறுகப் பிடிப்பது இதனால்தான். ஒவ்வொரு மாற்றமும் அவர் கால் ஊன்றியிருக்கும் மண்ணைத் தளர்த்துகிறது. அவரிடம் இன்றைய மாணவியரின் தனிமை பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும், அந்தப் பாடம் அவர் இடத்தைப் பறிப்பதாகவே அவருக்குப் படும்.

ஆகவே பயிற்சியின் முதல் மாணவியான தன்னார்வலரும் கவனிப்புத் தேவைப்படும் ஒருவராகவே நடத்தப்பட வேண்டியவர். கணக்குப் பட்டியலில் ஒரு பெயர் சரிவதை முதலில் கண்டவர் என்பதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். அவர் கூப்பிட்டதால் ஒரு பெண் தங்கினாள் என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் அனுபவத்தைப் புதிதாக வரும் ஆலோசகர்களுக்குச் சொல்ல அழைக்க வேண்டும். ஸ்லாஸ்பெர்க் மாணவர்களைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு அடையாளமும் அவருக்கும் பொருந்தும். சங்கத்துக்குத் தான் இன்றைக்கும் பொருட்டு என்று தெரிந்த பெண்தான், தனக்கு அறிமுகமில்லாத நிறத்திலும் வர்க்கத்திலும் வரும் ஒருத்திக்கு நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பார்.